திரை மலையேறிய நாள்

அன்று மடத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். மடத்தின் தலைவி வடிவுடை அம்மை, வயது முப்பத்தாறு. அவரிடம் சீடராக வந்து நான்காண்டு ஆன புலவர் தணிகாசலம், வயது அறுபத்தொன்று, தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் காத்தாயி. சமையல் உமாபதி. பூக்காரி ரஹ்மத்து பீவி. டவுனிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர் ஜெபராஜ். ஏழாவது, சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் நான். ஒரு பூனையும் இருந்தது. அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

ரஹ்மத்து பீவி கொண்டுவந்த நந்தியாவட்டைப் பூக்கள் நூற்றெட்டு. இரண்டு முறை எண்ணினேன்.

அன்று மாலை விளக்கேற்றும் நேரத்திலிருந்து அம்மை ஓராண்டு பேசமாட்டார். எழுதியும் காட்டமாட்டார். அதற்கு முன் நூற்றெட்டுப் போற்றி சொல்வதாக இருந்தார். முன்கூட்டி யோசித்து வைத்தவை அல்ல. வாய்க்கு வருவதைச் சொல்வார், ஒருமுறைதான் சொல்வார். புலவர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அச்சடித்துத் தரவேண்டும். மாலைப் பூசையில் ஒரு போற்றிக்கு ஒரு பூ.

கம்ப்யூட்டர் ஒரு நெல் ஆலை ஆபீசிலிருந்து மடத்துக்குக் கிடைத்தது. பச்சை எழுத்துத் திரை. ஆலையில் ஒரே பட்டியல் வருஷக்கணக்கில் நின்றதால், அதன் கோடுகள் கண்ணாடியில் நிழலாகப் படிந்திருந்தன. மேலும் படியாமல் இருக்க ஜெபராஜ் அன்று காலை சிறிய புரோகிராம் ஒன்றை ஏற்றினார்.

"மூணு நிமிஷம் யாரும் தொடலேன்னா திரை அணைஞ்சிடும் சாமி. பயந்துடாதீங்க," என்றார்.

புலவர் கையை உயர்த்தினார். "இங்கே அணையும் என்று சொல்லக்கூடாது. அபசகுனம். மலையேறும் என்று சொல்லுங்கள்."

"அது விளக்குக்குத்தானே?"

"ஒளி தருவது எதுவானாலும்."

ஜெபராஜ் சிரித்தார். "சரி, திரை மலையேறிடும்."

வாசலில் எண்ணெய்ச் செம்போடு நின்ற காத்தாயி இதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் ஜெபராஜ் மீதியைச் சொன்னார்: "எழுத்தெல்லாம் உள்ளேயே இருக்கும். ஏதாவது ஒரு கீயைத் தட்டினா இறங்கி வந்துடும். ஆனா அப்பப்ப சேவ் பண்ணிக்குங்க."

தாளிலும் ஒரு பிரதி எழுதட்டுமா என்று உமாபதி கேட்டார்.

"இரண்டு பிரதி இருந்தால் பாடபேதம் வரும்," என்றார் புலவர்.

முதல் போற்றி ஏழு பத்துக்கு. புலவர் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். அவர் தலை நிமிரும் வரை அம்மை காத்திருந்து அடுத்ததைச் சொன்னார். நாங்கள் எங்கள் வேலையைச் செய்தபடியே வந்தும் போயும் கேட்டோம். நூற்றெட்டாவது பன்னிரண்டு ஐம்பதுக்கு முடிந்தது. அம்மை எழுந்து கிணற்றடிக்குப் போனார்.

புலவர் எழவில்லை. போற்றிகளுக்கு முன்னால் வைக்க எட்டு அடியில் பாயிரம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். ஏழாம் அடியில் எதுகை நின்றுவிட்டது. சாப்பாட்டு மணி அடித்தது. புலவர் விரல்களை மடக்கி நீட்டிச் சீர் எண்ணியபடியே பந்திக்கு வந்தார்.

பந்தியில் ஜெபராஜ் கேட்டார், "சேவ் பண்ணிட்டீங்கதானே சாமி?"

"பாயிரம் முடியவில்லையே. முழு நூலாகத்தான் சேமிக்க வேண்டும்."

ஜெபராஜ் ரசத்தை ஊற்றிக்கொள்ளாமல் எழுந்தார். அதைப் பார்த்துப் புலவரும் எழுந்தார். நாங்களும் பின்னால் போனோம்.

திரை கறுப்பாக இருந்தது. ஜெபராஜ் ஒரு கீயைத் தட்டினார். இன்னொன்றைத் தட்டினார். பிறகு கீழே பார்த்தார். சுவரிலிருந்து பிளக் பிடுங்கப்பட்டிருந்தது. வயர் அழகாகச் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. கண்ணாடி துடைக்கப்பட்டிருந்தது. பெட்டியின் மேல் ஒரு சிட்டிகை விபூதி.

காத்தாயி ஓரமாக நின்றார். "மலையேறிடுச்சு. அதான் திரியை எடுத்துட்டேன்."

விளக்கு மலையேறியதும் திரியை எடுத்துவிட வேண்டும். விட்டால் கருகி நாறும். பத்தொன்பது ஆண்டுகளாக அது காத்தாயியின் வேலை. ஒருநாளும் தவறியதில்லை.

ஜெபராஜ் பிளக்கைச் சொருகினார். பெட்டி முனகியது. திரையின் மூலையில் ஒரு சிறிய பச்சைக் கோடு விட்டுவிட்டு மின்னியது. அதைத் தவிர ஒன்றும் இல்லை.

"எங்கே?" என்றார் புலவர்.

"போச்சு சாமி."

"எங்கே போயிற்று?"

"எங்கேயும் போகலே. இல்லே. அவ்வளவுதான்."

புலவரின் வலது கையில் சோற்றுப் பருக்கைகள் காய்ந்துகொண்டிருந்தன. பிறகு அவர் காத்தாயியின் பக்கம் திரும்பிச் சொன்ன வார்த்தையை நான் எழுதப்போவதில்லை. மடத்தில் அந்த வார்த்தையை யாரும் யாரிடமும் சொன்னதில்லை. காத்தாயி அழவில்லை. கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"ஐயா, நீங்கதானே சொன்னீங்க, ஒளி தர்றது எதுவானாலும்னு," என்றார்.

புலவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அம்மை வந்தார். நடந்ததை ஜெபராஜ் சொன்னார். ரஹ்மத்து பீவி நெஞ்சில் கை வைத்து, "யா அல்லா, நூத்தெட்டுமா?" என்றார்.

"அம்மை, மறுபடி சொல்லுங்கள். இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது," என்றார் புலவர்.

"வந்தது, சொன்னேன். இப்போது சொன்னால் அது வேறு நூற்றெட்டு."

"வேறாக இருந்தால் என்ன?"

"சொன்னதைக் கேட்டவர்கள் ஆறு பேர் இருக்கும்போது எதற்கு வேறு?" அம்மை பூக்கூடையை நடுவில் வைத்தார். "ஞாபகம் இருப்பதைச் சொல்லுங்கள். ஒன்றுக்கு ஒரு பூ எடுத்து வையுங்கள்."

நான் தாளும் பேனாவும் எடுத்தேன்.

அம்மை முதலில் காத்தாயியைப் பார்த்தார். "எறும்புக்கு வழி விட்டாய் போற்றி," என்றார் காத்தாயி, தரையைப் பார்த்து. பிறகு நிறுத்தவில்லை. பதினேழு சொன்னார்.

ரஹ்மத்து பீவி எட்டு. "ஊசியின் காதே போற்றி. இது பூ கட்டுறப்போ காதுல விழுந்துச்சு." உமாபதி ஒன்பது. அதில் ஒன்று உப்பைப் பற்றியது. அடுப்பில் குழம்பு கொதித்த நேரத்தில் கேட்டதாம். ஜெபராஜ் இரண்டு. இரண்டும் தவளையைப் பற்றியவை. "வேற எதுவும் நிக்கலே. எனக்குத் தவளைன்னா பயம்," என்றார். நான் ஆறு. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னால் பூ வைக்கவில்லை.

நாற்பத்திரண்டு பூக்கள் வெளியே வந்திருந்தன.

"புலவரே," என்றார் அம்மை.

புலவர் கண்களை மூடினார். அவருடைய விரல்கள் மடியில் தட்டிக்கொண்டிருந்தன. பிறகு கண்களைத் திறந்தார்.

"நூற்றெட்டையும் தட்டியவன் நான். விசைப்பலகையில் எந்த எழுத்து எந்த வரிசையில் இருக்கிறது என்று சொல்லமுடிகிறது. போற்றி ஒன்றுகூட இல்லை. என் பாயிரம் மட்டும் இருக்கிறது. ஆறரை அடி."

"சும்மா தேடுங்க சாமி, பாயிரத்துக்கு அடியில இருக்கும்," என்றார் ஜெபராஜ்.

மணி ஐந்தே முக்கால் ஆனது. அதுவரை யாரும் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. திரை மறுபடி கறுத்திருந்தது. காத்தாயி வெளிவிளக்குகளைத் துடைக்கத் தொடங்கியிருந்தார்.

அம்மை திரையைக் காட்டினார். "இப்போது இதற்குள் என்ன இருக்கிறது?"

"ஒன்றும் இல்லை, அம்மை."

"சாப்பாட்டு மணி அடித்த பிறகு கறுத்ததே, அப்போது?"

"நூற்றெட்டும் இருந்தன."

"பார்க்க எப்படி இருந்திருக்கும்?"

புலவர் திரையை உற்றுப் பார்த்தார். அதில் அவர் முகமும், ஆலைப் பட்டியலின் மங்கிய கோடுகளும் தெரிந்தன.

"இப்படியேதான் இருந்திருக்கும்," என்றார். "அம்மை, நீங்கள் இன்னும் ஓராண்டு பேசமாட்டீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். எனக்குள்ளும் இப்படித்தான் கறுப்பாக இருக்கிறது. நான்காண்டு உங்களிடம் கேட்டதெல்லாம் உள்ளே இருக்கிறதா, இல்லை அடியோடு போய்விட்டதா? எப்படித் தெரிந்துகொள்வது?"

வெளியே காத்தாயி தீக்குச்சியை எடுப்பது தெரிந்தது.

"தொட்டுப் பாருங்கள்," என்றார் அம்மை.

"எதை அம்மை? எங்கே தொடுவது?"

முதல் விளக்கில் சுடர் ஏறியது. அம்மை உதடுகளை மூடிக்கொண்டார்.

புலவர் அம்மையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போனார். காத்தாயி அவரைக் கண்டு ஒதுங்கி நின்றார்.

"அந்தத் துணியைக் கொடு, காத்தாயி. மீதி விளக்கை நான் துடைக்கிறேன்."

"கையில எண்ணெய் ஆயிடுமே, ஐயா."

"ஆகட்டும். மத்தியானம் சொன்னதை…"

"விடுங்க ஐயா. இந்தாங்க."

புலவர் துணியை வாங்கினார். இரண்டாம் விளக்கின் குழியைத் துடைத்தார். எண்ணெய் அவர் விரல்களில் ஏறியது. மூன்றாம் விளக்கில் கை அப்படியே நின்றது.

"திரிக்குத் தெரியாமல் எண்ணெய் தந்தாய் போற்றி," என்றார்.

காத்தாயி அவரைப் பார்த்தார். "ஆமா ஐயா. அது வந்துச்சு. எனக்கு மறந்துபோச்சு."

நான் அதைத் தாளில் எழுதினேன். கூடையிலிருந்து ஒரு பூவை எடுத்து வெளியே வைத்தேன். நாற்பத்து மூன்று. கூடையில் இருந்ததை இரண்டு முறை எண்ணினேன். மீதி அறுபத்தைந்து.