பதினாலாவது குடம்

"இது பொய், குருவம்மா. பச்சைப் பொய்!"

மடத்துச் சிஷ்யை நப்பின்னை மூச்சிரைக்க வந்து நின்றாள்.

குருவம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எது?"

"மருதையனோட அதிசயம்தான்."

மடத்தில் ஓமத்தண்ணீர் வடிப்பவன் மருதையன். செப்பு அண்டாவில் ஓமத்தையும் தண்ணீரையும் கொதிக்கவிடுவான். ஆவி ஒரு குழாயில் ஏறி, குளிர்ந்த நீர்த் தொட்டிக்குள் சுற்றி, மறுபக்கம் தண்ணீராகச் சொட்டும். வயிற்றுவலிக்கு அதுதான் மருந்து.

பத்து நாளாக, பன்னிரண்டு குடம் ஊற்றினால் பதினான்கு குடம் வருகிறது.

ஊர் திரண்டது. அண்டாவுக்குக் கற்பூரம் காட்டினார்கள். மருதையன் காலில் விழுந்தார்கள்.

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், குருவம்மா. பொழுது சாயறதுக்குள்ள இது பொய்னு காட்டலைன்னா மடத்தை விட்டே போயிடுறேன்னு."

"மூட்டை கட்டிட்டியா?"

"விளையாடாதீங்க! மூணு பேர் குடிச்சும் வலி நிக்கலைன்னு திரும்பி வந்திருக்காங்க. அவங்ககிட்ட அதிசயத்தைச் சொல்லிப் பாருங்க!"

குருவம்மா அடுப்புக்கரி ஒன்றை நீட்டினார்.

"சுத்திக் கோடு போடு. கோட்டுக்குள்ள என்ன போகுது, என்ன வெளிய வருதுன்னு பாரு."

நப்பின்னை ஓடினாள். அடுப்பு, அண்டா, சொட்டும் குடம் எல்லாம் உள்ளே வரும்படி தரையில் கோடு இழுத்தாள். தொட்டி வழியில் நின்றது. அதை ஒதுக்கி வளைத்தாள்.

"பன்னிரண்டு போகுது. சொட்டுறது பத்து, அண்டா அடியில மிச்சம் நாலு," என்றான் மருதையன். "நல்லா எண்ணிக்கோ தாயே."

"முன்னாடி எத்தனை சொட்டும்?"

"எட்டு."

"விறகு?"

"அன்னிக்கும் ரெண்டு கட்டு, இன்னிக்கும் ரெண்டு கட்டு."

"அதே விறகுல எப்படிய்யா அதிக ஆவி வரும்? ரெண்டு குடம் தீயையே பார்க்காம வந்திருக்கு!"

"அதைத்தானே நானும் அதிசயம்ங்கிறேன்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

குருவம்மா வந்தார். கோட்டைச் சுற்றி நடந்தார். ஓரிடத்தில் நின்று, காலால் கோட்டைத் தேய்த்து அழித்தார்.

தொட்டி இருந்த பக்கம்.

நப்பின்னை நிமிர்ந்தாள். "மருதையா, தொட்டிக்குத் தண்ணி ஊத்துறியா?"

"குறையுது, ஊத்துறேன். குளிரவைக்கிற தண்ணியைப் போய் யாராவது எண்ணுவாங்களா?"

"தினம் எவ்வளவு?"

மருதையன் தொட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"ரெண்டு குடம்."

நப்பின்னை தோள்வரை கையைத் தொட்டிக்குள் விட்டாள். குழாயைத் தடவிக்கொண்டே போனாள். விரல் நின்றது.

"ஓட்டை!"

முதலில் ஒரு கிழவர் சிரித்தார். பிறகு கூட்டமே சிரித்தது. மருதையன் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான். "தொட்டித் தண்ணிக்கா கற்பூரம் காட்டினீங்க!"

சட்டென்று நிறுத்தினான்.

"குருவம்மா, பத்து நாள்ல நாப்பது பேர் என் காலில விழுந்திருக்காங்களே. அதை என்ன பண்றது?"

குருவம்மா மடத்து வாசலைக் காட்டினார்.

மறுநாள் காலை முதல் ஆள் படியேறி வந்தார். வாசலில் காத்திருந்த மருதையன் நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தான்.

நப்பின்னை சுவரில் கரிக்கோடு ஒன்று போட்டாள்.

"ஒண்ணு."