காற்றுமூக்கு மாடம்

ஏகலிங்கத்துக்கு உயரம் ஆகாது. ஏணியில் இரண்டு படி ஏறினாலே உள்ளங்கால் கூசும். இந்தச் சங்கதி தன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று அவர் நிம்மதியாக இருந்தார். மனிதர்கள் இப்படித்தான் எதையாவது நம்பிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

பார்த்துவந்த வேலையை ஐம்பது வயதில் உதறிவிட்டு, கட்டடக்கலை கற்றுக்கொள்ள மரகதவல்லியிடம் வந்து சேர்ந்தவர் அவர். சிஷ்யரைவிட குருவுக்கு வயது குறைவு. அவர் குருவை ‘அம்மா’ என்பார். குரு அவரை ‘அண்ணாச்சி’ என்பார். இரண்டு பக்கமும் மரியாதைக்குக் குறைவில்லை.

காற்றுமூக்கு என்ற மலையின் உச்சியில் ஒரு பார்வை மாடம் வேண்டும் என்று மலையடிவாரத்து ஊரார் வந்து கேட்டார்கள். மலை அங்கே சட்டென்று முடிந்துவிடும். அதற்கப்புறம் பள்ளம்தான். பார்க்க வருகிறவர்கள் ஆசை தாங்காமல் விளிம்புவரை போய்விடுகிறார்கள். போன ஆனியில் காற்று ஒரு பெண்ணைத் தள்ளிவிட்டது. மேலே ஒரு செருப்பு மட்டும் கிடந்தது.

“இத நீங்களே வரைங்க அண்ணாச்சி,” என்றார் மரகதவல்லி. ஏகலிங்கத்துக்கு அதுதான் முதல் கட்டடம்.

அவர் களிமண்ணில் மலையைப் பிடித்து மேசைமேல் வைத்துக்கொண்டார். மலை அவர் நெஞ்சுக்குக்கூட வரவில்லை. அதைப் பார்த்துப் பயப்பட என்ன இருக்கிறது? விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நீளும் கண்ணாடித் தளம் வரைந்தார். அதைத் தாங்க வெள்ளைத் தூண்கள் வரைந்தார். வரைந்தவன் பெரிய தைரியசாலி என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்று அவருக்கு உள்ளூர ஆசை.

ஆனால் மலையும் மாடமும் ஒட்டவில்லை.

“அம்மா, சுவருக்குப் பாறை நெறத்தக் குடுத்தேன். கூரையச் சாய்ச்சும் பாத்துட்டேன். மலையோட சேரமாட்டேங்கு. என்ன செஞ்சா சேரும்?”

“முளை அடிச்சிட்டு வந்து பேசுவோம்.”

மரகதவல்லியின் பட்டறை வழக்கம் அது. கட்டடம் தரையில் நிற்கும் நாலு மூலைக்கும், வரைந்தவரே தன் கையால் முளை அடிக்க வேண்டும். ஆள் வைத்து அடிக்கக் கூடாது. அடிக்க முடியாவிட்டால் படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஊர்போய்ச் சேர வேண்டியதுதான்.

“காய்ச்சல் மாதிரி இருக்கும்மா.”

“மலைக்காத்து பட்டா சரியாப் போகும். கெளம்புங்க.”

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வண்டிகள் நிற்கும் இடத்தில் ஊரே கூடியிருந்தது. அத்தனை பேர் பார்க்க, ஏகலிங்கம் முளைகளையும், அவற்றை அடிக்க மரக் கொட்டாப்புளியையும் தூக்கிக்கொண்டு மேலே போனார். மரகதவல்லி ஒரு சுண்ணாம்புப் பையோடு பின்னால் வந்தார்.

மலைப் பக்கத்து முளைகள் இரண்டும் சுலபமாக இறங்கின. மற்ற இரண்டையும் விளிம்பில் அடிக்க வேண்டும். பாறை பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. அவர் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். விரல்களுக்கு அப்பால் தரை முடிந்து, கீழே வெகு ஆழத்தில் ஒரு மரத்தின் தலை தெரிந்தது.

அப்போது காற்று வந்தது. பக்கவாட்டில் வரும் என்று நினைத்திருந்தார். அது கீழிருந்து மேலே வந்தது. வேட்டியை உப்பவைத்து ஆளைத் தூக்கப் பார்த்தது. கையிலிருந்த கொட்டாப்புளி நழுவிச் சரிந்து விளிம்பைத் தாண்டியது. விழும் சத்தத்துக்காக அவர் காத்திருந்தார்.

சத்தம் வரவேயில்லை.

பாறையோடு பாறையாகக் குப்புற விழுந்தார். தலையைத் திருப்பினாலே போய்விடுவோம் என்று பயம். அந்தப் பெண்ணும் இங்கேதான் நின்றிருப்பாள் என்று தோன்றியதும் பல் கிட்டித்தது. ஊர் பார்க்கிறதே என்ற நினைப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கையில் தட்டுப்பட்ட வெடிப்பைப் பிடித்தார். வேரைப் பிடித்தார். காற்று அறையாத பக்கம் எதுவோ, அந்தப் பக்கமாகத் தவழ்ந்தார். கடைசியில் ஒரு பெரிய பாறையின் அடியில் இருந்த குடைவில் முதுகைக் கொடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

எல்லாம் முடிந்தது. குரு பார்த்துவிட்டார். இனி எந்த முகத்தோடு அவர் எதிரில் நிற்பது? ஏகலிங்கம் விசும்பி விசும்பி அழுதார்.

“இதுக்கடுத்து எங்க பிடிச்சீங்க?”

கண்ணைத் திறந்தார். மரகதவல்லி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நாலு காலில் தவழ்ந்து வந்துகொண்டிருந்தார். ஏகலிங்கத்தின் கை பட்ட இடத்தில் எல்லாம் ஒரு பிடி சுண்ணாம்பு வைத்துக்கொண்டே வந்தார்.

“அந்த... அந்த வேர்.”

வேரில் வைத்தார்.

“முதுகு?”

“இங்க.”

அங்கேயும் வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்கும் மூச்சு வாங்கியது.

“இப்பப் பாருங்க.”

காற்று பாறைக்கு மேலே அலறிக்கொண்டு போயிற்று. குடைவுக்குள் ஏகலிங்கத்தின் தலைமயிர்கூட அசையவில்லை. எதிரே பள்ளத்தாக்கு முழுதும் திறந்து கிடந்தது. அடுக்கடுக்காக மலைகள், அடியில் நூலாக ஓடும் ஆறு. களிமண்ணில் அவர் செய்யாதவை அங்கே எவ்வளவோ இருந்தன. பயத்தோடு பயமாக, கண்ணை எடுக்க முடியாமல் பார்த்தார்.

பிறகு வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளைப் புள்ளிகள் பாறை வளைந்த இடத்தில் வளைந்து, தாழ்ந்த இடத்தில் தாழ்ந்து, குடைவுவரை வந்திருந்தன. நேர்கோடு எங்குமே இல்லை; அவை மலையோடு ஒட்டியிருந்தன.

“அம்மா, எனக்கு உயரம்னா பயம். மறச்சிட்டேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா எங்கிட்டக் குடுத்தீங்க?”

“இடுப்புல முளை ரெண்டு மிச்சம் இருக்கே. எங்க அடிக்கப் போறீங்க?”

ஏகலிங்கம் மடியில் செருகியிருந்த படத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானே கிழித்தார். பிறகு ஒரு கல்லைத் தேடி எடுத்து, குடைவில் தன் கால் எட்டிய இடத்தில் ஒரு முளையும் முதுகு சாய்ந்த பாறை ஓரத்தில் ஒரு முளையும் அடித்தார். கல் இரண்டு முறை விரலில் பட்டது.

திரும்பிப் போக வேண்டும். வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தபடி இருவரும் தவழ ஆயத்தமானார்கள். மரகதவல்லியின் முழங்கை இரண்டிலும் ரத்தம் கசிந்திருந்ததை ஏகலிங்கம் அப்போதுதான் கவனித்தார்.

“அம்மா, நடுக்கம் நிக்கவே மாட்டேங்கு. இந்தப் பயம் எப்பப் போகும்?”

மரகதவல்லி அடுத்த புள்ளியில் கையை ஊன்றினார்.

“கூரை போடுற வரைக்கும் அதப் போகவிட்டுராதீங்க அண்ணாச்சி.”