வடிவு பறித்த பூக்கள்

நாணல் குளத்தங்கரையில் ஒரு முயல், ஓர் ஆமை, ஓர் அணில், மூன்றும் ஆளுக்கொரு தோட்டம் போட்டிருந்தன. பெரிய தோட்டம் ஒன்றும் இல்லை. நாலு பாத்தி, ஒரு வேலி, அவ்வளவுதான். ஆனால் அவர்கள் பேச்சைக் கேட்டால், காடே இவர்கள் விளைச்சலில்தான் சாப்பிடுகிறது என்று நினைப்பீர்கள்!

அந்த வருஷம் வடிவு என்ற முள்ளம்பன்றி புதிதாக அங்கே குடிவந்தது. அது இருந்த குன்றில் காட்டுத்தீ பிடித்துவிட்டது. அம்மாவால் தப்ப முடியவில்லை. அம்மா வளர்த்த பூசணியின் மூன்று விதைகளை மட்டும் வாயில் அடக்கிக்கொண்டு வடிவு ஓடிவந்தது. இரண்டு விதை அழுகிப்போயின. ஒன்று முளைத்தது.

கொடி நன்றாகத்தான் படர்ந்தது. பக்கத்துப் புங்கமரத்தில்கூட ஏறிவிட்டது. ஆனால் ஒரு காய்கூட நிற்கவில்லை. பிஞ்சு தெரியும், நாலே நாளில் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். கொடி காய்க்காமலே பட்டுப்போனால், அம்மாவின் பூசணி இனி எங்கேயும் இருக்காது. 

அந்தக் குளக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகப் பாத்தி கட்டியவர் நாவல் மரத்தடிக்கு வந்து, பேர் என்ன, பாத்தி எங்கே, பயிர் என்ன என்று சொல்லி அறிமுகமாக வேண்டும். பழைய ஆட்களும் முதலில் தங்களைப் பற்றிச் சொல்வார்கள். சும்மா சொல்வார்களா என்ன?

முயல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தது.

“நான் மாணிக்கம். மேட்டுப் பாத்தி என்னுது. நான் எதை நட்டாலும் விளையும்! ஒரு தடவைகூடத் தப்பினது இல்லை!”

“நான் வேலாயி” என்றது ஆமை. “என் கீரைக்கு இந்தக் கரையிலேயே ஈடு கிடையாது. வா தாயி, இப்ப நீ சொல்லு.”

வடிவு எழுந்தது. இவ்வளவு கெட்டிக்காரர்கள் நடுவில் தன் வெறுங்கொடியை எப்படிச் சொல்வது?

“நான் வடிவு. புங்கமரத்தடியில பூசணி போட்டிருக்கேன். அது... காய்ச்சுக் குலுங்குது!”

“அடடே!” என்றது முயல். “சாயங்காலம் வந்து பாக்குறோம்!”

வந்து பார்த்தால் வடிவின் குட்டு உடைந்துவிடுமே! அதற்குள் அணில் துள்ளி முன்னால் வந்தது.

“நான் சின்னான். எனக்குத் தோட்டமே சரியா வராதுங்க! விதையைப் புதைக்கிறேன், எங்கே புதைச்சேன்னு மறந்துடுறேன். இந்த வருஷம் முப்பது அவரை விதை போட்டேன். இதுவரைக்கும் மூணைத்தான் கண்டுபிடிச்சேன். மிச்சத்தை யாராச்சும் பாத்தீங்களா?”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அணிலும் கூடவே சிரித்தது. அதைப் பார்த்த வடிவுக்கு என்ன ஆயிற்றோ, சிரிப்புக்கு நடுவிலேயே கண் கலங்கிவிட்டது.

“நான் சொன்னது பொய்” என்றது. “என் கொடியில ஒரு காய்கூட இல்லை. என் அம்மா விதை அது. கடைசி விதை. நானும் என்னென்னமோ பண்ணிட்டேன். அடியில பிஞ்சு இல்லாம வெறும் காம்புல நிக்கிற பூ கொடிச் சத்தைத் தின்னுடக் கூடாதேன்னு, அதை எல்லாம் மொட்டுலேயே பறிச்சுடுறேன். அப்படியும் பிஞ்சு நிக்கலை.”

முயல் சட்டென்று சிரிப்பை நிறுத்தியது. அதன் நீளக் காது இரண்டும் தொங்கிப்போயின.

“ஐயோ தங்கச்சி! வெறும் காம்புல நிக்கிறதுதான் ஆண் பூ! அதோட மகரந்தம் பட்டாத்தானே பிஞ்சு காயாகும்!”

“உங்களுக்கு எப்படி அண்ணே தெரியும்?”

முயல் தரையைப் பார்த்தது. “போன வருஷம் நானும் அதையேதான் செஞ்சேன். ஒரு பூசணிகூட இல்லாம போச்சு. அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது. சொல்ல வெட்கமா இருந்துச்சு.”

“அப்போ ஒரு தடவைகூடத் தப்பினது இல்லைன்னது?” என்றது ஆமை. “முதல்ல கொடியைப் பாக்கலாம் வாங்க!” என்று முயல் அவசரமாக எழுந்தது.

மூன்று பேர் புங்கமரத்தடிக்கு ஓடினார்கள். ஆமை நடந்து வந்து சேர்ந்தது. கொடியில் ஒரே ஒரு பெண் மொட்டுதான் மிச்சம். மறுநாள் காலை விரியும், வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும். ஆண் மொட்டு? கைக்கு எட்டியதை எல்லாம் வடிவே பறித்துத் தின்றிருந்தது!

“அக்கா, மேலே பாருங்க!” என்றது அணில். மர உச்சியில், வடிவுக்கு எட்டாத கிளையில், மறுநாள் விரியும் பதத்தில் ஒரே ஓர் ஆண் மொட்டு இருந்தது. “பூத்ததும் நான் கொண்டுவரேன்!”

“நீ மறந்துடுவியே!” என்று முயல் பதறியது.

“அதுக்குத்தான் அந்த மொட்டுப் பக்கத்துலயே படுத்துக்கப்போறேன்!”

விடிந்தது. பெண் பூ மஞ்சளாக விரிந்தது. வடிவு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறத் தொடங்கியது, அணிலைக் காணோம். வடிவு மெல்ல விசும்பத் தொடங்கியபோது, அப்போதுதான் விரிந்த ஆண் பூவை வாயில் கவ்வியபடி சின்னான் தலைகீழாக இறங்கி வந்தது. வடிவு அந்தப் பூவை வாங்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாக ஒற்றி எடுத்தது.

நாலு நாள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் பிஞ்சு பச்சையாகவே நின்றது! உள்ளங்கை அளவு பருத்திருந்தது! வடிவு வாய்விட்டு அழுதது. பக்கத்தில் ஆமையும் மூக்கை உறிஞ்சியது.

காய் முற்றி அறுத்த அன்று, வடிவு ஆளுக்குக் கை நிறைய விதை கொடுத்தது.

“சின்னானுக்குமா?” என்றது முயல். “எங்கேயாவது புதைச்சுட்டு மறந்துடுவானே!”

“மறக்கட்டும் அண்ணே” என்றது வடிவு.

அடுத்த மழைக்குக் காடு முழுவதும், யாரும் பாத்தி கட்டாத இடத்தில் எல்லாம், அம்மாவின் பூசணி முளைத்தது. குளக்கரைக்குப் புதிதாக ஓர் எலி வந்தது. நாவல் மரத்தடியில் வடிவுதான் முதலில் எழுந்து நின்றது.

“நான் வடிவு. ஆண் பூவை எல்லாம் பறிச்சுத் தின்னவ. நீ என்ன தப்புப் பண்ணினே, கூச்சப்படாம சொல்லு!”

விளைந்ததைச் சொன்னால் பாராட்டு மட்டும் கிடைக்கும். விளையாததையும் மறைக்காமல் சொன்னால்தான் உதவி கிடைக்கும்.