நண்டு பிடிக்க ஒரு நெற்றி விளக்கு

ஒரு காட்டில் அந்த வருஷம் கோடை முந்திக்கொண்டு வந்துவிட்டது. ஆறு மெலிந்து ஓடை மாதிரி ஓடியது. புல் கருகியது. புல்லில் குதித்துக்கொண்டிருந்த வெட்டுக்கிளிகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை.

அங்கே ஒரு கீரிக் குடும்பம் இருந்தது. அப்பா கீரியின் பெயர் மிடுக்கன். எதை வாங்கினாலும் நாலு பேர் பார்த்து அசர வேண்டும் அவனுக்கு. அம்மா கீரியின் பெயர் செவந்தி. நாலு பேர் பார்த்தாலே அவளுக்கு வாய் கட்டிக்கொள்ளும். சொல்ல நினைத்ததை வீட்டுக்கு வந்துதான் சொல்வாள். சில சமயம் அதையும் சொல்ல மாட்டாள்.

அவர்களுக்கு மூன்று குட்டிகள். செவந்திக்குச் சரியான இரை இல்லாததால் பால் குறைந்துவிட்டது. பெரிய குட்டிகள் இரண்டும் முட்டி மோதிக் குடித்துவிடும். கடைக்குட்டிக்கு மிச்சம் இருக்காது. அது எழுந்து விளையாடுவதையே விட்டுவிட்டது. மூக்கால் தள்ளினால் கண்ணைத் திறக்கும். பிறகு மூடிக்கொள்ளும்.

"இன்னிக்கு ராத்திரி ஏதாவது கிடைச்சே ஆகணுங்க," என்றாள் செவந்தி. "இல்லேன்னா நாளைக்கு இவன் கண்ணைத் திறப்பானான்னு எனக்குத் தெரியல."

ஆற்றில் நண்டு மட்டும் இருந்தது. ஆனால் வெயிலுக்குப் பயந்து நண்டுகள் பகல் முழுக்க வளைக்குள் கிடக்கும். இருட்டிய பிறகுதான் வெளியே வரும். கீரிக்கோ பகல் கண். இருட்டில் தன் கால் தனக்கே தெரியாது. அதனால் ஒரு நெற்றி விளக்கு வாங்கிக் கட்டிக்கொண்டு, ஆற்றங்கரையிலேயே ராத்தங்கி நண்டு பிடிப்பது என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள்.

நெற்றி விளக்கு செய்வது தூக்கணாங்குருவி. ஈர மண்ணை உருட்டி, அதில் மின்மினிகளை உட்காரவைத்து, தலையில் கட்டிக்கொள்ள ஈச்ச நாரில் பட்டை பின்னிக் கொடுக்கும். மின்மினிகளுக்கு அது ராத்திரி வேலை. விடிந்தால் வீட்டுக்குப் பறந்துவிடும். பிடிக்காவிட்டால் நடுவில் கூடக் கிளம்பலாம், யாரும் கட்டிவைக்கவில்லை. விளக்கு வேண்டும் என்பவர் ஒரு வாய் ஈர மண் கொண்டுபோனால் போதும்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பெரிய பாறை. விளக்கைக் கட்டிக்கொண்டு அந்தப் பாறையைப் பார்க்க வேண்டும். பாறையில் எந்த வெளிச்சம் பெரிதாக விழுகிறதோ, அதுதான் நல்ல விளக்கு. இதை யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. எல்லாரும் அப்படித்தான் வாங்கினார்கள். பாறையில் போய் இரை தேடுகிறவர் மட்டும் ஒருவரும் இல்லை.

கீரிகள் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. மின்மினிகள் வேலைக்கு வந்துகொண்டிருந்தன. விளக்கு வாங்க வந்தவர்கள் கூட்டமாக நின்றார்கள். வேடிக்கை பார்க்க ஒரு குரங்கு கிளையில் உட்கார்ந்திருந்தது. அதற்கு விளக்கும் வேண்டாம், வேட்டையும் வேண்டாம். யார் எதை வாங்கினாலும் நல்லது கெட்டது சொல்வதுதான் அதன் வேலை.

மிடுக்கன் ஒரு விளக்கைக் கட்டிப் பார்த்தான். பாறையில் லேசாக ஒரு மஞ்சள் விழுந்தது.

"என்ன மச்சான், பாறைக்கு மஞ்சள் பூசுறியா?" என்றது குரங்கு.

மிடுக்கனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இருப்பதிலேயே பெரிதை எடுக்கச் சொன்னான். குருவி உள்ளே போய், பலாக்கொட்டை அளவு மண்ணில் மின்மினிகள் கொத்துக் கொத்தாக உட்கார்ந்திருந்த ஒரு விளக்கைக் கொண்டுவந்தது.

"இது வேற மாதிரி, மாப்பிள்ளை. இதைக் கட்டினா அடுத்த மலை தெரியும்," என்றது.

மிடுக்கன் கட்டிக்கொண்டு நிமிர்ந்தான். பாறை பட்டப்பகல் போல ஆனது. பாறையில் தூங்கிய ஓணான் விடிந்துவிட்டது என்று எழுந்து தலையை ஆட்டியது. குரங்கு கை தட்டியது. மண்ணின் கனத்தில் பட்டை புருவத்துக்கு இறங்கியதை மிடுக்கன் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டான்.

நமக்கு எதற்கு அடுத்த மலை, நண்டு நம் காலடியில் அல்லவா ஓடும் என்று செவந்தி நினைத்தாள். சொல்ல வாயெடுத்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

ஆனாலும் கடைக்குட்டியின் முகம் நினைவுக்கு வந்தது. கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது, குருவியிடம் போய்த் தனக்கும் சின்னதாக ஒன்று கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டாள். குருவி தேடிப் பார்த்தது. ஒரே ஒரு மின்மினி உட்கார்ந்த விளக்கு ஒன்றுதான் இருந்தது.

"இதை யாரும் கேக்க மாட்டாங்க, தங்கச்சி. பாறை வரைக்கும் எட்டாது," என்றது குருவி, கொஞ்சம் கூச்சத்தோடு.

செவந்தி அதை வாங்கிக்கொண்டு பாறைப் பக்கம் போகவில்லை. ஒரு மரத்தின் வேருக்கு அடியில், இருட்டாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். விளக்கைக் கட்டிக்கொண்டு குனிந்து தன் முன்னங்காலைப் பார்த்தாள். நகம் தெரிந்தது. நகத்தில் ஒட்டியிருந்த மண்ணும் தெரிந்தது. தலையை ஆட்டிப் பார்த்தாள். விளக்கு நழுவவில்லை.

விடியும் வரை எரிய முடியுமா என்று மின்மினியைக் கேட்டாள்.

"நான் ஒருத்திதானே, நிதானமா எரிவேன்," என்றது மின்மினி. "அங்கே கூட்டமா இருக்காங்க பாரு, ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கிட்டு எரிவாங்க. சீக்கிரம் களைச்சுப் போயிடுவாங்க."

இரண்டு விளக்கையும் வாங்கிக்கொண்டு, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார்கள். அங்கே ஒரு முள்முருங்கை மரம் நின்றது. அதன் பக்கத்தில் சரிந்து கிடந்த கல்லுக்கு அடியில் சருகு பரப்பிக் குட்டிகளைப் படுக்கவைத்தார்கள். மிடுக்கன் பெரிய விளக்கோடு வேட்டைக்குக் கிளம்பினான். செவந்தி குட்டிகளுக்குக் காவலாக இருந்தாள்.

சின்ன விளக்கானாலும் வெளிச்சம் குட்டிகளின் கண்ணில் குத்தியது. அவை சிணுங்கின. முள்முருங்கைப் பூக்கள் கீழே சிவப்புச் சிவப்பாக உதிர்ந்து கிடந்தன. செவந்தி ஓர் இதழை எடுத்து விளக்கின் மேல் மூடினாள். வெளிச்சம் மங்கிச் சிவப்பானது. குட்டிகள் தூங்கிப்போயின.

கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. செவந்தி குனிந்து பார்த்தாள். ஒரு நண்டு அவள் மூக்குக்கு முன்னாலேயே, சந்தைக்குப் போகிறவரைப் போலச் சாவகாசமாக நடந்து போனது. சிவப்பு வெளிச்சத்தை அது கண்டுகொள்ளவே இல்லை. செவந்தி ஒரே பாய்ச்சலில் பிடித்துவிட்டாள். ஓட்டை உடைத்து, சதையை மென்று மென்று கடைக்குட்டியின் வாயில் வைத்தாள். அது நாக்கால் தொட்டது. கொஞ்சம் விழுங்கியது. ஆனால் அது சின்ன நண்டு. மூன்று பேருக்குக் காணாது.

அந்த நேரம் மிடுக்கன் வெறும் வாயோடு திரும்பி வந்தான். வெறும் வாய் என்றும் சொல்ல முடியாது. வாய் நிறையப் பூச்சி. விளக்கைத் தேடி வந்த ஈசலும் கொசுவும் அவன் முகமெல்லாம் அப்பிக்கொண்டிருந்தன. துப்பித் துப்பிப் பேசினான். ஆற்றில் நண்டே இல்லையாம். எல்லாம் செத்துப்போயிருக்குமாம்.

உண்மை என்ன தெரியுமா? அவன் வருவதற்கு வெகு முன்னாலேயே அவனுடைய வெளிச்சம் போய்ச் சேர்ந்துவிடும். வெளிச்சம் பட்டதும் நண்டுகள் வளைக்குள் போய்விடும். அவன் போய்ப் பார்ப்பது வெறும் மணல்.

இங்கேயே ஒன்று பிடித்ததாகச் செவந்தி சொன்னாள். அது வழி தவறி வந்த நண்டாக இருக்கும் என்றான் மிடுக்கன். பேசும்போது அவளையே பார்த்துப் பேசினான். அவளுக்குக் கண் கூசியது. எதிரே ஒரு நெருப்புப் பந்துதான் தெரிந்தது. பின்னால் அவன் முகம் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"கொஞ்சம் அந்தப் பக்கம் பார்த்துப் பேசுங்க," என்றாள். "உங்க விளக்குக்குப் பின்னால நீங்க இருக்கீங்களான்னே எனக்குத் தெரியல."

அவன் முகத்தைத் திருப்பினான். அப்போது ஆற்றோரத்து மருத மரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, விளக்கு ரொம்ப ஜோர்."

அது ஒரு கோட்டான். மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. இங்கே ஏதோ பளபளக்கிறதே, யாரோ இருக்கிறார்கள் போலிருக்கிறதே என்று பறந்து வந்துவிட்டது. கோட்டான் கீரிக்குட்டியை ஒரே வாயில் விழுங்கும்.

மிடுக்கன் முதலில் ஓரடி பின்வாங்கினான். ஆனால் விளக்கைப் புகழ்ந்ததும் காது நிமிர்ந்துவிட்டது.

"இத்தனை வயசில் இப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை," என்றது கோட்டான். "எவ்வளவு தூரம் அடிக்கும்?"

"அடுத்த மலை வரைக்கும்," என்றான் மிடுக்கன்.

"அது சரி, தூரமா அடிக்கும். பக்கத்தில் அடிக்குமா? அந்தக் கல்லுக்கு அடியில் இருக்கிறது தெரியுமா? எங்கே, கொஞ்சம் திருப்பிக் காட்டு பார்ப்போம்."

கல்லுக்கு அடியில்தான் குட்டிகள். விளக்கு முகத்தில் அடித்ததால் கோட்டானுக்கு அவை தெரியவில்லை. வெளிச்சம் அந்தப் பக்கம் திரும்பினால் அப்படியே தெரிந்துவிடும். மிடுக்கன், எல்லாம் தெரியும் என்று சொல்லிக்கொண்டே கழுத்தைத் திருப்பத் தொடங்கினான்.

"திரும்பாதீங்க," என்றாள் செவந்தி.

மெதுவாக அல்ல, காடே கேட்கும்படி. மிடுக்கன் அப்படியே நின்றுவிட்டான். அவள் குரல் இவ்வளவு பெரிது என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மிடுக்கனின் முகமே தனக்குத் தெரியாமல் போனது செவந்தியின் நினைவுக்கு வந்தது. அப்படியானால் அந்த விளக்குக்குப் பின்னால் என்ன இருந்தாலும் கோட்டானுக்கும் தெரியாது. அவள் மரத்தைப் பார்த்துப் பணிவாகச் சொன்னாள், "கோவிச்சுக்காதீங்க, பெரியவரே. இவர் தலை ஒரு இடத்துல நிக்காது. வெளிச்சம் ஆடும். அசையாம நிக்கச் சொல்றேன், அப்புறம் நல்லாப் பாருங்க."

"அசையாமல் நின்றால் ரொம்ப நல்லது," என்றது கோட்டான். அதன் வாயில் எச்சில் ஊறியது.

செவந்தி மிடுக்கனின் காதில் ஏதோ சொன்னாள். மிடுக்கன் கோட்டானைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்தான். அங்கே ஒரு சூரை முள்ளுப் புதர் இருந்தது. உள்ளே போகப் போக முள் குத்தியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். தலைப்பட்டை ஒரு முள்ளில் மாட்டியதும் தலையைக் கீழே உருவிக்கொண்டு, தரையோடு தரையாக ஊர்ந்து வெளியே வந்துவிட்டான். விளக்கு மட்டும் கோட்டானைப் பார்த்தபடி புதரில் தொங்கியது. அசையவே இல்லை.

கோட்டான் அளவெடுத்தது. வெளிச்சம் இருக்கும் இடத்தில் நெற்றி. நெற்றிக்குப் பின்னால் கழுத்து. சிறகைச் சுருக்கிக்கொண்டு நகத்தை நீட்டியபடி பாய்ந்தது.

புதர் முழுக்கக் குலுங்கியது. மின்மினிகள் கலைந்து, வந்த வழியே பறந்துபோயின. சூரை முள் வளைந்த முள். உள்ளே போனவரை லேசில் விடாது. கோட்டான் இழுத்தது, கத்தியது, திரும்ப இழுத்தது. கடைசியில் பாதி இறகைப் புதருக்குக் கொடுத்துவிட்டுத் தத்தித் தத்தி மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

இப்போது எங்கும் இருட்டு. மிடுக்கனுக்கு ஒன்றும் தெரியவில்லை. செவந்தியின் நெற்றியில் இருந்த சின்னச் சிவப்பு மட்டும் தெரிந்தது.

"பாறையைப் பார்த்து வாங்கிட்டேன், செவந்தி," என்றான்.

அவள் கடைக்குட்டியைக் கவ்விக்கொள்ளச் சொன்னாள். குட்டியைக் கவ்விக்கொண்டால் பேச முடியாது அல்லவா? அதுவும் நல்லதாகப் போயிற்று.

செவந்தி முன்னால் நடந்தாள். அவள் வாலைத் தொட்டுக்கொண்டு ஒரு குட்டி, அதன் வாலைத் தொட்டுக்கொண்டு இன்னொரு குட்டி, கடைசியில் கடைக்குட்டியோடு மிடுக்கன். ஒரு தாமரை இலை அகலத்துக்குத்தான் வெளிச்சம் விழுந்தது. அந்த அகலத்துக்குள் மணல் தெரிந்தது, கூழாங்கல் தெரிந்தது, கல்லிடுக்கில் கொடுக்கை ஆட்டிக்கொண்டு வந்த நண்டும் தெரிந்தது. செவந்தி பிடித்தாள். நாலு எட்டு தள்ளி இன்னொன்று. பிறகு ஒரு கொழுத்த நண்டு, தன் வளைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தது. இப்படியே எல்லாருக்கும் போதுமான நண்டு கிடைத்தது.

எல்லாரும் தண்ணீரோரம் உட்கார்ந்தார்கள். செவந்தியும் அன்றைக்குத்தான் வயிறாரத் தின்றாள். முதல் நண்டின் சதையைக் கடைக்குட்டிக்கு மென்று ஊட்டினாள். இரண்டாவதை அதன் முன்னால் பிய்த்துப் போட்டாள். அது தானே எடுத்துத் தின்றது. மூன்றாவது நண்டின் பெரிய கொடுக்கைப் பெரிய அண்ணன் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தான். கடைக்குட்டி தட்டுத் தடுமாறி எழுந்து நின்றது. முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, அண்ணனைப் பார்த்து உர்ரென்றது.

அண்ணன் பயந்து கொடுக்கை விட்டுவிட்டான்.

நீதி: எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்த்து வாங்காதே, உன் வேலைக்கு எது வேண்டும் என்று பார்த்து வாங்கு.