பிராக்கெட்டில் தொங்கிய பை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. கேமரா மாட்டுகிறவர்களுக்கு டிரில் மெஷின் வாடகைக்குக் கொடுக்கும் ஒருவர் சொல்லிக் கேட்டது. பேச்சில் ஒரு வார்த்தை முன்பின் இருக்கலாம், நடந்தது இதுதான் என்றார்.

தக்கலைப் பக்கம் ஷைனி என்றொரு பெண், வீடுகளுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டுவதில் கெட்டிக்காரி. அவளிடம் தொழில் பழக வந்தவர் பொன்னுலிங்கம். அவளுக்கு அப்பா வயது. காலமெல்லாம் பெயின்ட் அடித்தவர். அந்த வாடை நெஞ்சுக்கு ஆகாமல் போனதால் இந்த வேலைக்கு வந்தார். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அன்று லில்லிபாய் வீட்டில் வேலை. லில்லிபாய் துணி தைத்துப் பிழைக்கிறவர், தனி ஆள். முந்தின வாரம் யாரோ அவர் வீட்டுப் பின்கதவைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். அதிலிருந்து இருட்டினால் பக்கத்து வீட்டில்தான் படுக்கை. கேமரா வந்துவிட்டால் வீட்டிலேயே படுக்கலாம் என்று இருந்தார்.

ஷைனிக்கு ஒரு வழக்கம் உண்டு. கேமராவைத் தாங்கும் பிராக்கெட்டைச் சுவரில் இறுக்கியதும் கேமராவை மாட்டமாட்டாள். சுத்தியலும் ஸ்பேனரும் அடைத்த பையை அதில் தொங்கவிடுவாள். ஒரு டீ குடித்து முடிக்கும்வரை பை விழாமல் நின்றால்தான் கேமரா.

பொன்னுலிங்கம்தான் துளை போட்டார். சுவர் வெடித்துவிடக் கூடாதே என்று பெயின்டர் கை தயங்கியது. துளை ஆழமாக இறங்கவில்லை. ஸ்குரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக்கைச் செருகி, பிராக்கெட்டை இறுக்கி, சுற்றிலும் புட்டி பூசி, விரலால் வழவழப்பாக்கினார். பார்க்க அழகாக இருந்தது.

"அண்ணாச்சி, கல்யாண வீட்டுக்கு ஜோடிச்ச மாதிரி இருக்கு" என்றாள் ஷைனி.

லில்லிபாய் டீ போட உள்ளே போனார். பொன்னுலிங்கம் குரலைத் தாழ்த்தினார்.

"மாஸ்டர், பையை இப்பவே மாட்டிப் பாத்துருவோம்."

"என்ன அவசரம்?"

"அவிய முன்னால விழுந்தா பயந்துருவாவ. பிறகு இந்த வீட்டுல படுக்கவே மாட்டாவ."

ஷைனி பையைத் தொடாமல் வாசல்படியில் உட்கார்ந்தாள். டீ வந்தது.

"அக்கா, இந்தப் பையை நீங்களே அதுல மாட்டுங்க."

லில்லிபாய் ஸ்டூலில் ஏறி மாட்டினார். பிராக்கெட் மெல்லத் தலை குனிந்தது. பிறகு சுவர்ப்பூச்சும் புட்டியுமாகப் பெயர்ந்து, பையோடு கீழே வந்தது.

பொன்னுலிங்கம் டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை நம்பியா நான் இங்க படுக்கணும்?" என்றார் லில்லிபாய்.

"இதை நம்ப வேண்டாம்" என்றாள் ஷைனி. "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி வேற துளை. செங்கல் வரைக்கும் போங்க."

டிரில் இறங்கியது. முதலில் சாம்பல் நிறத்தில் தூள் கொட்டியது. அவர் கை நின்றது.

"இன்னும்" என்றாள் ஷைனி.

சிவப்புத் தூள் கொட்டத் தொடங்கியது. சிவப்பு நன்றாகக் கொட்டிய பிறகே நிறுத்தச் சொன்னாள். பெரிய பிளக், நீளமான ஸ்குரூ. இந்தத் தடவை புட்டி இல்லை.

லில்லிபாயிடம் யாரும் சொல்லவில்லை. அவரே பையைத் தூக்கி மாட்டினார். டீ ஆறியது. பை நின்றது. அதற்குப் பிறகும் பிராக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்து, பின்கதவை உலுக்கியது மாதிரியே உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"சரி, கேமராவ மாட்டுங்க" என்றார்.

திரும்பும் வழியில், ஸ்கூட்டரின் பின்னால் இருந்து பொன்னுலிங்கம் கேட்டார்.

"மாஸ்டர், முதல்ல விழுந்தப்பவே அவிய கேமரா வேண்டாம்னு சொல்லியிருந்தா?"

"சொல்லியிருக்கலாம்."

"அப்போ நான் சொன்ன மாதிரி, அவிய உள்ள இருந்தப்பவே பாத்திருக்கலாம்லா? நல்லா நிக்குறதை மட்டும் காட்டியிருந்தா போதாதா?"

ஷைனி ஒரு வளைவில் ஸ்கூட்டரைத் திருப்பினாள்.

"விழுந்ததைப் பாத்த கண்ணுதான் அண்ணாச்சி, நிக்குறதையும் பாத்துச்சு."



பிறகொரு நாள் அந்தப் பக்கம் போனபோது, லில்லிபாயின் பக்கத்து வீட்டில் விசாரித்தேன். கேமரா மாட்டிய அன்று சாயங்காலமே வந்து, தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாராம்.