மூன்று நிற மண்டபம்

முன்னொரு காலத்தில், வேலை குறைவும் ஆசை அதிகமுமாக ஒரு ராஜா இருந்தார். மகளின் கல்யாணத்துக்கென்று புது மண்டபம் கட்டினார். "பச்சை, வெள்ளை, சந்தன நிறம். இந்த மூன்றுதான் கண்ணுக்குக் குளிர்ச்சி. வேறு நிறம் எதுவும் வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது!" என்று முரசறைவித்தார்.

தூணுக்குப் பச்சை, சுவருக்கு வெள்ளை, திரைச்சீலைக்குச் சந்தன நிறம். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் வாசல் காவலன் மாடப்பன் இருக்கிறானே, அவனுக்குக் கட்டளை என்றால் கட்டளைதான். அரண்மனைக் கிளியை மூக்குச் சிவப்பு என்று விரட்டினான். சபையோர் கறுப்பு முடியை வெள்ளைத் தலைப்பாகைக்குள் மறைத்து, மீசைக்குச் சந்தனம் பூசிக்கொண்டு உள்ளே போனார்கள்.

கடைசியில் மகாராணி வந்தாள்.

"தாயே, நெற்றியில் சிவப்பு இருக்கிறது. அதை மட்டும் அழித்துவிட்டு..." என்று ஆரம்பித்து, மாடப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ராஜா குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போதே என் குங்குமத்தை அழிக்கச் சொல்கிறாரா? இனி இந்த மண்டபத்தில் கால் வைக்க மாட்டேன். என் மகள் கல்யாணமும் இங்கே நடக்காது!" என்று மகாராணி திரும்பிப் போய்விட்டாள்.

ராஜா விழித்தார். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கினால் மானம் போகும். வாங்காவிட்டால் கல்யாணம் நின்றுபோகும்.

விகடகவி மிளகுநம்பியைக் கண்டாலே வயிறெரியும் பிரதானி தாண்டவராயர் மெல்ல எழுந்தார். "பிரபு, கட்டளையை மீறாமல் மண்டபத்துக்குள் சிவப்பை வரவழைத்துவிட்டால், கட்டளை தானாகவே செல்லாததாகிவிடும். மிளகுநம்பிதான் மகா புத்திசாலியாயிற்றே! அந்த மூன்று நிறங்களை மட்டும் உள்ளே எடுத்துப்போய்ச் செய்து காட்டட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டே போகட்டும்."

எரிச்சலில் இருந்த ராஜாவும், "அப்படியே ஆகட்டும்!" என்றுவிட்டார்.

மிளகுநம்பி யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தான். வாயை வைத்துப் பிழைக்கிறவனுக்கு வேற்று நாட்டில் யார் சோறு போடுவார்கள்?

மறுநாள் அவன் ஒரு தட்டோடு வந்தான். மாடப்பன் குனிந்து சோதித்தான். "வெற்றிலை பச்சை. சுண்ணாம்பு வெள்ளை. சீவல் சந்தன நிறம். சரி, போகலாம்."

மிளகுநம்பி உள்ளே போய் வணங்கினான். "கல்யாண காரியம் பேசுமுன் தாம்பூலம் கொடுப்பதுதானே முறை, பிரபு?" ராஜா வாங்கிப் போட்டுக்கொண்டார். பிரதானியும் இரண்டு வெற்றிலையை மடித்து வாயில் அடக்கினார். நன்றாக மென்றுவிட்டு, "உபசாரம் போதும். சிவப்பு எங்கே?" என்று வாயைப் பிளந்தார்.

"தங்கள் நாக்கில்தான் உட்கார்ந்திருக்கிறது, பிரதானியாரே!"

தாண்டவராயர் வாயை இறுக மூடிக்கொண்டார். மாடப்பன் ஓடிவந்தான். "பார்த்துவிட்டேன் ஐயா! எழுந்து வெளியே வாருங்கள்!"

ராஜா குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவர் பல்லும் சிவந்திருப்பதைப் பார்த்த மாடப்பன் கைகூப்பினான். "மகாராஜா... தாங்களும்... கட்டளை..."

"அடப்பாவி, என் கட்டளை என்னையே துரத்துகிறதே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே ராஜா எழுந்து வெளியே போனார். நேராக அந்தப்புரம் போய் மகாராணியிடம் நாக்கை நீட்டிக் காட்டினார். அவளும் சிரித்துவிட்டாள். நெற்றிக் குங்குமத்தோடு அவளைத் தாமே கையைப் பிடித்து மண்டபத்துக்குள் அழைத்துவந்தார்.

மிளகுநம்பிக்குச் சிவப்புக்கல் கடுக்கன் பரிசாகக் கிடைத்தது. கல்யாணம் முடியும்வரை, தாம்பூலம் போட்ட விருந்தாளிகளின் பக்கத்தில் எச்சில் படிக்கம் ஏந்தி நிற்கும் வேலை தாண்டவராயருக்கு. நின்றார், பாவம். வாயை மட்டும் திறக்கவே இல்லை.