பள்ளத்தெருவின் பாவம்

"தாயே, பள்ளத்தெரு சனங்க என்ன பாவம் பண்ணினாங்க?"

பாறை ஏறி வந்த மூச்சு அடங்குமுன் கேட்டார் பொன்னம்பலக் கிழார்.

ஊர் நிலத்தில் முக்கால்வாசி அவருடையது. தலை நரைத்த பிறகு, தன் மகள் வயதுத் துறவி உலகம்மையிடம் சீடராகச் சேர்ந்தவர்.

உலகம்மை திரும்பவில்லை. ஆற்றை நோக்கிக் கைகூப்பி நின்றார்.

அந்த ஆற்றைக் கண்ணால் பார்த்தால்தான் நம்ப முடியும். கரை எது, வயல் எது என்று தெரியவில்லை. மரங்கள் வேரோடு மிதந்து போயின. இரைச்சல் பாறைக்குள் ஏறி உள்ளங்காலில் அதிர்ந்தது. பயம்தான் வரவேண்டும், கும்பிடத் தோன்றியது.

"எவ்வளவு பெரியவ!" என்றார் உலகம்மை. "நாம பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே இவ இப்படித்தான் போய்க்கிட்டிருக்கா."

கிழாரும் கும்பிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

பள்ளத்தெருவில் ஒரு குடிசை மிஞ்சவில்லை. அந்தத் தெரு ராசாத்தியின் கைக்குழந்தையை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. தப்பியவர்கள் பாறையடியில் ஒண்டிக் கிடந்தார்கள். பாறை உச்சியில் நாலு பேர் நிற்கக்கூட இடமில்லை. மேற்கு மலையில் மேகம் மறுபடியும் கறுத்துக்கொண்டிருந்தது.

"இருட்டுறப்போ தண்ணி இன்னும் ஏறும் தாயே. ஏதாவது பரிகாரம் சொல்லுங்க. எந்த யாகம்னாலும் நடத்துறேன்."

நடத்தவும் செய்வார். கிழார் நல்லவர். அதுதான் சங்கடம்.

உலகம்மை கமண்டலத்தைச் சாய்த்தார். தண்ணீர் பாறைமேல் விழுந்து, நெளிந்து ஓடி, ஓரத்தில் இருந்த ஒரு குழியில் போய்த் தேங்கியது.

"ஐயா, அந்தக் குழி என்ன பாவம் பண்ணிச்சு?"

அத்தனை துக்கத்திலும் கிழாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"குழிக்கு ஏது தாயே பாவம்? தண்ணி பள்ளத்தைத் தேடித்தானே போகும்!"

"சரி. பள்ளத்தெரு?"

சிரிப்பு நின்றது.

"அங்க குடியிருக்கச் சொன்னது யாரு?"

"எங்க தாத்தா. போக்கிடம் இல்லாம வந்து நின்னவங்களுக்குத் தானமாக் கொடுத்தாரு."

கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னார். ஊர் இன்றைக்கும் மெச்சுகிற தானம் அது.

"மேட்டுல இடம் இல்லையா?"

"மேடுன்னா எங்க களமேடு ஒண்ணுதான் தாயே. அங்க வைக்கோல் போர் போட்டு வைக்கிறது வழக்கம். கீழே போட்டா வெள்ளம் வந்து மக்கிப் போயிடும்."

உலகம்மை இப்போதுதான் ஆற்றிலிருந்து கண்ணை எடுத்தார்.

"இந்தத் தடவை வெள்ளம் தொட்டுதா?"

கிழார் திரும்பிப் பார்த்தார். பாறையை ஒட்டி, அத்தனை தண்ணீருக்கு நடுவில், களமேடு அகலமாகக் கிடந்தது. மேட்டை அடைத்துக்கொண்டு போர்கள் சரியாமல் நின்றன. ஒன்றின்மேல் கோழி ஒன்று சிறகைக் கோதிக்கொண்டிருந்தது.

"இல்லே தாயே. ஒரு துரும்பைக்கூட..."

அவர் பார்வை போரிலிருந்து பாறையடியில் ஒண்டிக் கிடந்தவர்களிடம் இறங்கியது.

மலைப்பக்கம் இடி உருண்டது.

கிழார் பாறைச் சரிவில் இறங்க ஆரம்பித்தார். கால் வழுக்கி, கை சிராய்த்து, பாதி உட்கார்ந்தபடியே இறங்கினார். கீழே சேரும்வரைகூட அவருக்குப் பொறுக்கவில்லை.

"எழுந்திரிங்க! போரைப் பிரிச்சு ஆத்துல தள்ளுங்க! எல்லாரும் மேட்டுக்கு ஏறுங்க!"